பழைய எஸ்யூவியில் சன்ரூஃப் கண்ணாடி மாற்றுவது: ஒழுகலைக் கண்டுபிடிப்பதிலிருந்து மட்டம் பார்ப்பது வரை

இந்த வேலையில் புதியவர்கள் சறுக்குவது ஸ்குரூ கழற்றும்போது அல்ல. அதற்கு வெகு முன்னால், எதை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்யும்போதே சறுக்கிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் வண்டிக்குள் கால் வைக்கும் இடம், அதாவது காலடி, நனைகிறது. கண்ணாடி வாங்கி மாட்டுகிறார்கள். கார்த்திகையில் அதே காலடி மறுபடி நனைகிறது. அதனால்தான் கீழே முதல் இரண்டு படிகளில் கண்ணாடியைத் தொடவே இல்லை. அவற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

இங்கே சொல்வது, பின்பக்கம் தூக்கி நிற்கவும் கூரைக்குள் சறுக்கவும் கூடிய ஒற்றைக் கண்ணாடி சன்ரூஃபுக்கு. பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய எஸ்யூவிகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். கூரை முழுக்க விரியும் பனோரமா வகையில், நகராத கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அதை அறுத்தெடுப்பது வேறு வேலை. வீட்டில் செய்ய வேண்டாம்.

1. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், தண்ணீரை முழுதாகத் தடுப்பதற்காக அமைக்கப்பட்டதல்ல. பெரும்பகுதியைத் தடுக்கும், மீதி உள்ளே இறங்கும். அப்படி இறங்குவதை ஏந்துவதற்குக் கண்ணாடிக்குக் கீழே நாற்புறமும் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் மூலைகளிலிருந்து பொதுவாக நான்கு வடிகுழாய்கள் புறப்படும். முன்னிரண்டும் முன்கண்ணாடியின் இருபக்கத் தூண்கள் வழியாகவும், பின்னிரண்டும் பின்தூண்கள் வழியாகவும் இறங்கித் தண்ணீரை வண்டிக்கு அடியில் விடும். ஓட்டு வீட்டு முற்றத்தைப் போலத்தான்: மழை உள்ளே விழுவது குற்றமில்லை, தூம்பு அடைத்துக்கொண்டால்தான் வீட்டுக்குள் வெள்ளம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கண்ணாடியை முழுதாகத் திறந்து, வாய்க்காலின் முன்மூலையில் கால் லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மற்றொருவர் கீழே குனிந்து பார்க்கட்டும். சில நொடிகளில் அந்தப் பக்கத்துக் கதவுக் கீல் அருகிலோ சக்கரத்துக்குப் பின்னாலோ தண்ணீர் தடையில்லாமல் சொட்ட வேண்டும். வாய்க்காலிலேயே தேங்கினாலோ, சொட்டுச் சொட்டாக இழுத்தடித்தாலோ குழாய் அடைத்திருக்கிறது. வாய்க்கால் காலியாகிவிட்டது, ஆனால் வெளியே எதுவும் வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். குழாய் கழன்றோ கிழிந்தோ வண்டிக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது. பின்மூலைகள் கைக்கு எட்டாது. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வாய்க்கால் வழியே பின்னுக்குச் செலுத்தி ஊற்றலாம்.

எங்கே நனைகிறது என்பதும் ஒரு துப்பு. முன்காலடி என்றால் முன்குழாய். பின்பக்கச் சாமான் இடம் என்றால் பின்குழாய். பிரேக் போட்டதும் உள்விளக்கின் பக்கமிருந்து தண்ணீர் பாய்ந்தால், வாய்க்கால் நிரம்பித் தளும்புகிறது.

சன்ரூஃபுக்குச் சம்பந்தமே இல்லாத ஒழுகல்களும் உண்டு. எஸ்யூவிகளின் கூரையில் சாமான் கட்டும் கம்பிகளுக்கான போல்ட் துளைகள் இருக்கும். அவற்றின் வாஷர் காய்ந்துபோனால் உள்கூரைத் துணி நனையும், பழி கண்ணாடிமேல் விழும். ஆன்டெனாவின் அடிப்பகுதியும் அப்படித்தான். மழையே இல்லாத நாளில் முன்காலடி ஈரமானால் ஏசியின் வடிகாலைப் பாருங்கள்.

2. வடிகுழாயைத் திறந்துவிடுங்கள்

புல்வெட்டும் இயந்திரத்தில் சுற்றும் நைலான் கம்பி, சுமார் 2 மி.மீ. தடிமனில், இதற்கு மிகப் பொருத்தம். முனையை நெருப்பில் லேசாகக் காட்டி மழுங்கடித்துவிட்டு மேலிருந்து உள்ளே விடுங்கள். முட்டும் இடத்தில் குத்தாமல் திருகித் திருகித் தள்ளுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். பழைய குழாயைத் துளைத்துவிடும்.

அடைப்பு பெரும்பாலும் மேலே இருப்பதில்லை, கீழ்முனையில்தான். அங்கே பூச்சி, தூசி ஏறாமலிருக்கப் பல வண்டிகளில் கீறல் விட்ட ஒரு ரப்பர் மூக்கு மாட்டியிருக்கும். சேறும் இலைத்தூளும் சேர்ந்து அந்தக் கீறலை அடைத்துவிடும். அதை விரலால் பிதுக்கிச் சுத்தம் செய்யுங்கள். வேப்பமரத்தடியில் வண்டி நிறுத்தும் நண்பர் ஒருவர் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தையிலிருந்து கண்ணாடி வாங்கி வந்து மாட்டிய பிறகும் ஒழுகியது. ரப்பர் மூக்கைப் பிதுக்கியபோது மக்கிய வேப்பம்பூ ஒரு கட்டியாக வந்து விழுந்தது. பழைய கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை.

காற்றழுத்த இயந்திரத்தை வைத்து ஊதாதீர்கள். நானே செய்த தவறு இது. வாய்க்கால் மூலையில் ஒரு சிறு முனைமேல் குழாய் வெறுமனே செருகப்பட்டிருக்கும். அழுத்தக் காற்று அடைப்பைத் தள்ளுவதற்கு முன் குழாயைக் கழற்றிவிடும். திரும்ப மாட்ட உள்கூரைத் துணி முழுவதையும் இறக்க வேண்டியதாயிற்று. பத்து நிமிட வேலை இரண்டு நாள் ஆனது.

குழாயைப் பார்க்க முன்தூணின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற வேண்டியிருந்தால், பக்கவாட்டுத் திரை ஏர்பேக் அதற்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் (−) முனையைக் கழற்றி, வண்டியின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே கை வையுங்கள். மின்சாரம் போன பிறகும் ஏர்பேக் சுற்றில் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

நான்கு மூலையும் சரியாக வடிந்து, மழையிலும் உள்ளே ஈரமில்லை, கண்ணாடியிலும் சேதமில்லை என்றால் வேலை இங்கேயே முடிந்தது.

3. கண்ணாடியை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மூன்று நிலைகளில் மட்டும் ஆம்.

ஒன்று, உடைந்துவிட்டது. இந்த வகைக் கண்ணாடி பெரும்பாலும் வெப்பத்தால் இறுக்கப்பட்டது; உடைந்தால் கற்கண்டுபோல் சிதறும். முன்கண்ணாடியின் கீறலுக்குப் பிசின் ஊற்றி ஒட்டுவதைப்போல் இதை ஒட்ட முடியாது. விளிம்பில் ஆழமான சில்லு பெயர்ந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். வெயிலில் நிற்கும்போதே ஒருநாள் வெடித்துச் சிதறலாம்.

இரண்டு, கண்ணாடிக்கும் அதன் அடிச்சட்டத்துக்கும் இடையிலுள்ள ஒட்டு விட்டுவிட்டது. கண்ணாடியை மூடிவைத்து, வெளியிலிருந்து உள்ளங்கையால் மூலைகளை அழுத்துங்கள். சட்டம் அசையாமல் கண்ணாடி மட்டும் அசைந்தால் இதுதான். அதோடு வண்டியை ஓட்டாதீர்கள். வேகத்தில் கண்ணாடி பறந்து பின்னால் வருபவர்மேல் விழும்.

மூன்று, ரப்பர் கெட்டுவிட்டது, ஆனால் அது கண்ணாடியோடு சேர்ந்தே வருகிறது. ஒரு காகிதத் துண்டை ரப்பருக்கும் கூரைக்கும் இடையில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே அளவு பிடி இருக்க வேண்டும். ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தட்டையாகிவிட்டது, அல்லது கண்ணாடி மட்டம் தப்பியிருக்கிறது. மட்டம் திருத்துவதற்குச் செலவில்லை. அதை முதலில் செய்து பாருங்கள். ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும் வண்டியென்றால் கண்ணாடியை ஏன் வாங்க வேண்டும்?

சிலிக்கோன் பூசி அடைக்கும் யோசனையைச் சொல்லாத பட்டறை இல்லை. கேட்காதீர்கள். கண்ணாடி கூரையோடு ஒட்டிக்கொள்ளும். யாரோ தெரியாமல் பொத்தானை அழுத்தினால் மோட்டாரின் இழுவைக் கம்பி அறுந்துவிடும். வாய்க்காலில் வழிந்த சிலிக்கோன் வடிதுளையையும் அடைக்கும்.

4. சரியான கண்ணாடியை வாங்குவது

மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் ஓடும் வண்டியில் ஆண்டு மாறினால் கண்ணாடியின் வளைவும் அடியிலுள்ள தாங்கிகளின் இடமும் மாறியிருக்கும். சேசிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிபாக எண்ணைப் பெற்று, அதைக்கொண்டு தேடுங்கள். ரப்பரும் அடிச்சட்டமும் கண்ணாடியோடு சேர்ந்து வருகின்றனவா என்று பணம் கொடுக்குமுன் கேளுங்கள்.

பழைய உதிரிபாகச் சந்தையில் வாங்கினால் நீளம், அகலம், நான்கு தாங்கிகளுக்கு இடையிலான தூரம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து விளிம்பு முழுவதையும் விரலுறை போட்டுத் தடவிப் பாருங்கள். சமதரையில் ஒரு துணிமேல் வைத்தால் ஆடக்கூடாது. ஆடினால் சட்டம் முறுக்கியிருக்கிறது, எவ்வளவு திருகினாலும் மட்டம் வராது. மூலையில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான முத்திரையைத் தேடுங்கள். இந்தியாவில் வாகனங்களுக்கான இந்தத் தரத்தின் எண் ஐஎஸ் 2553.

கண்ணாடி உடைந்திருந்து உங்களிடம் முழுக் காப்பீடு இருந்தால், வாங்குமுன் காப்பீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். இந்திய மோட்டார் காப்பீட்டில் கண்ணாடி பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். உரிமை கோராதவர்களுக்கான தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) போய்விடும் என்பதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். வெறும் ஒழுகல் என்றால் அது தேய்மானம், பணம் வராது. எதையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்துவையுங்கள்.

5. கையோடு வைத்துக்கொள்ள வேண்டியவை

நட்சத்திர முனையுள்ள டார்க்ஸ் ஸ்குரூடிரைவர் தொகுதி (பல வண்டிகளில் 25 ஆம் எண், சிலவற்றில் 10 மி.மீ. நட்), பிளாஸ்டிக் நெம்புகோல், மாஸ்கிங் டேப், மார்க்கர், காந்த முனைக் கருவி, தூசி உறிஞ்சி, தடித்த கையுறை, கண்ணுக்குக் காப்பு, பழைய போர்வை இரண்டு, ரப்பருக்கான சிலிக்கோன் கிரீஸ், கண்ணாடி சறுக்கி ஓடும் தண்டவாளத்துக்குக் கையேடு சொல்லும் கிரீஸ். ஸ்குரூக்களைப் போட்டுவைக்க ஒரு முட்டை அட்டை. குழி குழியாக இருப்பதால் எது எந்த மூலையிலிருந்து வந்தது என்று குழப்பம் வராது.

இன்னொரு ஆளும் தேவை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, தடிமனில் ஒவ்வொரு மி.மீட்டருக்கும் 2.5 கிலோ கனக்கும். 0.4 சதுர மீட்டர் பரப்பும் 5 மி.மீ. தடிமனும் உள்ள கண்ணாடி 5 கிலோ, சட்டம் தனி. தூக்கமுடியாத கனமில்லை, ஆனால் வண்டிக்குள் குனிந்தபடி தலைக்குமேல் ஏந்திக்கொண்டு ஸ்குரூ தேடுவது ஒருவரால் ஆகாது.

நிழலில், முடிந்தால் காலையில் தொடங்குங்கள். வெயிலில் காய்ந்த கூரை விரிந்திருக்கும், ரப்பர் இளகி ஒட்டும். அந்த நிலையில் பார்த்த மட்டம் மாலையில் இருக்காது.

6. உடைந்த கண்ணாடி என்றால்

உள்ளேயுள்ள நிழல்தட்டி மூடியிருக்கும்போது கண்ணாடி உடைந்தால், சில்லுகள் முழுவதும் அதன்மேல் குவிந்திருக்கும். பதற்றத்தில் அந்தத் தட்டியைத் திறப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. தட்டி கூரைக்குள் போகும்போது சில்லுகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பிறகு எத்தனை மாதம் ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் சலசலக்கும். தட்டியைத் தொடாமல், மேலிருந்தே தூசி உறிஞ்சியால் எடுங்கள்.

மோட்டார் பொத்தானையும் தொடாதீர்கள். தண்டவாளத்தில் ஒரு சில்லு கிடந்தாலும் இழுவைக் கம்பி சிக்கிக்கொள்ளும். இருக்கையைப் போர்வையால் மூடி, தொங்கும் விளிம்புத் துண்டுகளை டேப் ஒட்டிச் சேர்த்து எடுங்கள். புதுக் கண்ணாடி வரும்வரை தடித்த பிளாஸ்டிக் தாள் போட்டு ஒட்டலாம். டேப்பை வெயிலில் பல நாள் விட்டுவைத்தால் பெயிண்டில் பசை தங்கும். மூடிய இடம் கிடைத்தால் வண்டியை அங்கே நிறுத்துவதே மேல்.

7. பழைய கண்ணாடியைக் கழற்றுவது

கண்ணாடி முழுதாக மூடிய நிலையில் இருக்க வேண்டும். பிறகு வரும் மட்டம், மோட்டார் ஒத்திசைவு எல்லாவற்றுக்கும் அதுவே தொடக்கப் புள்ளி. நிழல்தட்டியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கழற்றுவதற்கு முன் கூரையிலும் கண்ணாடியிலும் சேர்ந்து படும்படி நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கண்ணாடி விளிம்பை ஒட்டி டேப்பை மட்டும் அறுத்து, இருபுறமும் கோடு போட்டுவையுங்கள்.

பக்கவாட்டில் ஸ்குரூக்களை மறைத்து ஒரு பிளாஸ்டிக் மூடியோ மடிப்புத் திரையோ இருக்கும். அதன் கொக்கிகள் பழைய வண்டியில் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும்; நெம்புவதற்கு முன் அதன் திசையைப் பாருங்கள். சில வண்டிகளில் கண்ணாடியைப் பின்பக்கம் தூக்கிய நிலையில்தான் இது கழலும். கழன்றதும் திரும்ப மூடிவிடுங்கள்.

வாய்க்காலிலும் தண்டவாளத்திலும் ஒரு துணியைப் பரப்பிவிட்டு ஸ்குரூவில் கை வையுங்கள். கீழே விழும் ஸ்குரூ உங்கள் மடியில் விழாது, தண்டவாளத்துக்குள்தான் விழும். தாங்கிகளுக்கு இடையில் மெல்லிய தகடுகள் இருந்தால், எந்த மூலையில் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். உயரத்தை அவைதான் தீர்மானிக்கின்றன.

எல்லாம் கழன்றதும், உள்ளே இருப்பவர் இரு கைகளாலும் நேராக மேலே தள்ள வேண்டும். வெளியே நிற்பவர் வாங்கிப் போர்வைமேல் வைக்க வேண்டும். ரப்பர் ஒட்டியிருந்தால் மூலையிலிருந்து மெல்ல விடுவியுங்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பினால் கூரை விளிம்பில் பெயிண்ட் போகும், அங்கே அடுத்த மழைக்குத் துரு தொடங்கும்.

8. வாய்க்காலையும் தண்டவாளத்தையும் துடைப்பது

இவ்வளவு வசதியாக அந்த இடம் உங்களுக்கு இனி கிடைக்காது. பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து கறுப்புக் களிம்பாகியிருக்கும். பெட்ரோல், தின்னர் இல்லாமல் துணியால் துடைத்தெடுங்கள். புதிய கிரீஸ் மெல்லிய பூச்சு போதும், அள்ளிப் பூசினால் மறுபடி தூசி பிடிக்கும். ரப்பருக்குப் பெட்ரோலியக் கிரீஸ் ஆகாது, ஊதிப்போகும். வாய்க்காலின் மூலைகளில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், நான்கு துளைகளிலும் இன்னொரு முறை தண்ணீர் விடுங்கள்.

9. புதிய கண்ணாடியை உட்காரவைப்பது

முன்பின் பார்த்து, மேலிருந்து நேராக இறக்குங்கள். தகடுகள் பழைய எண்ணிக்கையிலேயே இருக்கட்டும். எல்லா ஸ்குரூக்களையும் கையாலேயே நான்கைந்து சுற்று ஏற்றுங்கள்; இழை பிசகினால் விரல் உடனே உணரும், கருவி உணராது. எதையும் இப்போது இறுக்கக்கூடாது. ஒரு மூலையை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறவர், மட்டத்தைப் பிறகு திருத்தவே முடியாமல் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

10. மட்டம் பார்ப்பது

அவசரப்படக்கூடாத இடம் இது. முதலில் சுற்றுமுள்ள இடைவெளியைப் பாருங்கள்: இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும், முன்விளிம்பு கூரைக்கு இணையாக ஓட வேண்டும். பிறகு உயரம். பொதுவான விதி, முன்விளிம்பு கூரையின் மட்டத்திலோ ஒரு மி.மீ. தாழ்வாகவோ, பின்விளிம்பு கூரையின் மட்டத்திலோ ஒரு மி.மீ. உயரமாகவோ இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல் இல்லாமலும் இதைச் சோதிக்கலாம். விரல் நகத்தை வண்டியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக, கூரையிலிருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியிலிருந்து கூரைக்கும் இழுத்துக்கொண்டு போங்கள். நகம் எங்கும் முட்டக்கூடாது. இரண்டு விளிம்பிலும் கீழே இறங்க வேண்டும். வண்டி ஓடும்போது காற்று வரும் வழியும் இதுவே. நகம் முட்டும் விளிம்பில் காற்றும் முட்டும், நெடுஞ்சாலையில் விசிலடிக்கும்.

சரியானதும் முன்பக்கம் ஒன்று, எதிர்மூலையில் பின்பக்கம் ஒன்று என்று குறுக்காகப் பாதி இறுக்கி, நகச் சோதனையைத் திரும்பச் செய்து, பிறகு முழுதாக இறுக்குங்கள். முறுக்கு விசை கையேட்டில் இருக்கும். இவை சிறிய ஸ்குரூக்கள். நீளக் கைப்பிடியால் வலுவைக் காட்டினால் இழை போய்விடும். பழைய ஸ்குரூவையே போடுவதாக இருந்தால், ஸ்குரூ தளராமல் பிடிக்கும் நடுத்தர வலுவுள்ள இழைப் பசை (த்ரெட் லாக்கர்) ஒரு துளி விடுங்கள்.

11. மோட்டாருக்கு இடத்தைக் கற்பிப்பது

பேட்டரியைக் கழற்றியிருந்தால், கண்ணாடி எங்கே நிற்க வேண்டும் என்பதை மோட்டார் மறந்திருக்கலாம். பாதியில் நிற்கும், அல்லது மூடியதும் தானே திறக்கும். பலர் இதைப் பார்த்து மோட்டார் போய்விட்டது என்று புது மோட்டார் தேடப் போகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் மூடும் பொத்தானையோ தூக்கும் பொத்தானையோ விடாமல் அழுத்திப் பிடித்திருந்தால், கண்ணாடி ஒரு சுற்று போய்வந்து தன் இடத்தைப் பதிந்துகொள்ளும். எந்தப் பொத்தான், எத்தனை நொடி என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

இந்தச் சுற்றில் கை நசுங்காமல் காக்கும் ஏற்பாடு வேலை செய்யாமலிருக்கலாம். குழந்தைகளை வண்டிக்குள் விடாதீர்கள். பதிவு முடிந்ததும் சுருட்டிய துண்டு ஒன்றை விளிம்பில் வைத்து மூடிப் பாருங்கள். முட்டியதும் கண்ணாடி பின்வாங்க வேண்டும். கையை வைத்துச் சோதிக்காதீர்கள்.

12. மறுபடி தண்ணீர், பிறகு தரைவிரிப்பு

ஐந்தாறு முறை திறந்து மூடி, மட்டத்தை மீண்டும் பாருங்கள். பிறகு சாதாரணத் தோட்டக் குழாயால் பத்து நிமிடம் கூரைமேல் மழைபோல் விடுங்கள். வாட்டர் வாஷ் துப்பாக்கியை விளிம்பில் நேராகப் பிடித்துச் சோதிப்பது பயனற்றது. அந்த அழுத்தத்துக்கு நல்ல ரப்பரும் வழிவிடும். உள்ளே உள்கூரைத் துணியின் விளிம்பு, தூண்கள், காலடி மூன்றும் உலர்ந்திருக்க வேண்டும். கீழே நான்கு இடத்திலும் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை, உள்ளேயும் ஈரமில்லை என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள், வாய்க்கால் நிரம்பிக்கொண்டிருக்கலாம்.

ஏற்கெனவே நனைந்த தரைவிரிப்பின் மேற்புறம் ஒரே நாளில் காய்ந்துவிடும். அடியிலுள்ள பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது. இருக்கைக்கு அடியில் ஓடும் ஒயர் இணைப்புகளில் பச்சை பூப்பதும் அதனால்தான். கதவோரப் படிமூடியைக் கழற்றி விரிப்பைத் தூக்கி, அடியில் செங்கல் துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்து, மின்விசிறி வைத்துவிடுங்கள். மூன்றாம் நாள் பழைய செய்தித்தாளை மடித்துப் பஞ்சின்மேல் வைத்து, அதன்மேல் ஏறி நில்லுங்கள். தாள் ஈரமானால் விசிறியை இன்னும் அணைக்க வேண்டாம்.